டிக்கியில இருக்கற தண்ணி பாட்டில்

ஒரு பழைய கார் எந்த நிலைமையில இருக்குன்னு தெரியணும்னா பானட்டைத் திறக்க வேண்டாம், டிக்கியைத் திறங்க. ஸ்டெப்னி பக்கத்துல ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல குழாய்த் தண்ணி இருக்கா? அப்போ அந்த வண்டியில எங்கயோ ஒரு பைப்பைத் துரு அரிச்சிட்டு இருக்கு. வண்டிக்காரருக்கும் அது தெரியும். அவர் கண்டுபிடிச்ச தீர்வுதான் அந்த பாட்டில்.

இந்தக் கட்டுரை அந்த பாட்டிலுக்கு எதிரானது.

கூலிங் சிஸ்டம்ங்கறது மூடின வட்டம். வாட்டர் பம்ப் தண்ணியை என்ஜின் பிளாக்குக்குள்ள தள்ளுது, அது ஹெட் வழியா ஏறி, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, மேல் ஹோஸ்ல ரேடியேட்டருக்குப் போய், ஆறி, கீழ் ஹோஸ்ல திரும்பி பம்ப்புக்கே வருது. இந்த வட்டத்துல தண்ணி வெளிய போறதுக்கு வழியே கிடையாது. அதனால "வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ஊத்தணும், பழைய வண்டி பாருங்க, குடிக்கத்தான் செய்யும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வயசானதுக்காக எந்தக் காரும் தண்ணி குடிக்காது. ஓட்டை விழுந்தாத்தான் குடிக்கும்.

ஓட்டை எங்கன்னு தேடறப்ப எல்லாரும் முதல்ல பார்க்கறது ரேடியேட்டரை, அடுத்தது ஹோஸை. ரெண்டுமே கண்ணுக்கு முன்னாடி இருக்கறது ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு இருக்கு: ஸ்டீல் பைப். மாருதி 800-ஐ எடுத்துக்குவோம். 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரி வரைக்கும் தயாரான வண்டி, 796 சிசி, மூணு சிலிண்டர். நம்ம ஊர்ல இன்னும் தெருவுக்கு ஒண்ணாவது நிக்குது, நம்மள்ல நிறைய பேர் ஸ்டியரிங் பிடிச்சுப் பழகினதே அதுலதான். அதுல ரேடியேட்டர்ல இருந்து வர்ற தண்ணியைப் பம்ப்புக்குக் கொண்டுபோக, பிளாக்கை ஒட்டி ஒரு வளைஞ்ச இரும்பு பைப் ஓடும். வாட்டர் இன்லெட் பைப்னு கேட்டா ஸ்பேர் கடையில எடுத்துக் குடுப்பாங்க. மேல இருந்து பார்த்தா சரியா தெரியாது. வருஷக்கணக்கா யாரும் அதைத் தொட்டிருக்கவும் மாட்டாங்க. இதே மாதிரி இரும்பு பைப் பல கம்பெனிகளோட அந்தக் காலத்து வண்டிகள்லயும் உண்டு, அதனால உங்க வீட்டு வண்டி வேற மாடலா இருந்தாலும் தொடர்ந்து படிங்க.

இரும்புன்னா துரு பிடிக்கும்தானே, கம்பெனி ஏன் இரும்புல போட்டான்னு கேக்கலாம். கூலன்ட் ஊத்துவாங்கங்கற நம்பிக்கையில போட்டிருக்காங்க. அந்த நம்பிக்கையை நாம காப்பாத்தல.

ஏன் காப்பாத்தலன்னா, பாதி குற்றம் ஒரு பேரோடது. கூலன்ட்டுக்குப் பழைய பேரு ஆன்டி-ஃப்ரீஸ். உறையாம இருக்கறதுக்கான மருந்துன்னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்சிட்டாங்க. உடனே நம்ம ஆளுங்க கேக்கறது: "வேலூர்ல என்னய்யா உறையப் போகுது?" நியாயமான கேள்விதான். எத்திலீன் கிளைக்காலும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்தா உறையற வெப்பநிலை மைனஸ் 37 டிகிரி வரைக்கும் இறங்கும். நமக்கு அது எதுக்கும் உதவாது. ஆனா அந்த கேன்ல கிளைக்கால் மட்டும் இல்ல. துரு பிடிக்காம தடுக்கற இன்ஹிபிட்டர்னு சில ரசாயனங்கள் கொஞ்சமா சேர்ந்திருக்கும். நாம காசு குடுக்கறது அதுக்காகத்தான். இரும்பு, அலுமினியம், பித்தளை, சால்டர்னு ஒரே தண்ணியில நனைஞ்சிட்டு இருக்கற எல்லா உலோகத்துக்கும் மேல அது ஒரு பாதுகாப்பை உண்டாக்குது. வேலூருக்கும் அது வேணும், ஊட்டிக்கும் வேணும்.

இப்போ தண்ணி பக்கம் வருவோம். இந்த இடத்துல நம்ம சிலபஸ் மேல எனக்கு ஒரு கோபம் இருக்கு.

முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஈடிடிஏ டைட்ரேஷன். எரியோக்ரோம் பிளாக் டி போட்டு, ஒயின் சிவப்பு ஸ்டீல் நீலமா மாறற வரைக்கும் சொட்டுச் சொட்டா விட்டு, கடினத்தன்மை இத்தனை பிபிஎம்னு ரெக்கார்டுல எழுதி, கையெழுத்து வாங்கினோமே அதுதான். தியரியில பாய்லர் பத்தி ஒரு யூனிட்டே படிச்சோம்: ஸ்கேல், ஸ்லட்ஜ், ப்ரைமிங், ஃபோமிங். கடின நீரைப் பாய்லர்ல விடக்கூடாதுன்னு அஞ்சு மார்க்குக்கும் எழுதினோம், பதிமூணு மார்க்குக்கும் எழுதினோம். நம்மள்ல எத்தனை பேர் ஒரு பாய்லரைப் பக்கத்துல நின்னு பார்த்திருப்போம்? சூடான தண்ணியும் அழுத்தமும் உலோகமும் சேர்ந்த ஒரு சாமான் வீட்டு வாசல்லயே நிக்குது, அதுல அதே ஹாஸ்டல் போர் தண்ணியை ஊத்தறோம். ரெண்டையும் ஒரு வரியில இணைச்சு யாரும் சொல்லிக் குடுக்கல. அப்போ படிச்சது எல்லாம் யாருக்காகன்னு தோணுது.

ஒரு கணக்கு சொல்றேன். கூலன்ட்டைச் சோதிக்க ஏஎஸ்டிஎம் டி1384-னு ஒரு பரிசோதனை இருக்கு. கண்ணாடிக் குடுவையில செம்பு, சால்டர், பித்தளை, ஸ்டீல், வார்ப்பிரும்பு, அலுமினியத் துண்டுகளைக் கட்டி முக்கி, காத்து விட்டுக்கிட்டே, 88 டிகிரியில 336 மணி நேரம் வைப்பாங்க. கூலன்ட்டோட கலக்கறதுக்கு வேணும்னே மோசமான தண்ணியைத் தயார் பண்ணுவாங்க. அதுக்கு "அரிக்கும் தண்ணி"ன்னே பேரு. அதுல எவ்வளவு குளோரைடு தெரியுமா? லிட்டருக்கு 100 மில்லிகிராம். இன்னொரு பக்கம், நம்ம குடிநீர் தரக்கட்டுப்பாடு ஐஎஸ் 10500 ஏத்துக்கற குளோரைடு அளவு 250 மில்லிகிராம். வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 1000 வரைக்கும் அனுமதி. அதாவது உலோகத்தைச் சித்திரவதை பண்ணணும்னே லேப்ல செஞ்ச தண்ணியை விட, நாம தாராளமா குடிக்கக்கூடிய தண்ணியில உப்பு அதிகமா இருக்கலாம். குடிக்கற தரத்துக்கே இந்தக் கதைன்னா, கடலோரத்துப் போர் தண்ணியைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. குளிச்சா தலை பிசுபிசுங்கற தண்ணி அது.

இதுல இன்னும் ஒரு கொடுமை: ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய வர்ற வேஸ்ட் தண்ணி வீணா போகுதேன்னு அதைப் பிடிச்சு ரேடியேட்டர்ல ஊத்தற வீடுகள் இருக்கு. வடிகட்டி எடுத்த உப்பு மொத்தமும் சேர்றது அந்தத் தண்ணியிலதான்! தரை துடைக்கலாம், காருக்குக் குடுக்காதீங்க.

பைப் எப்படிச் சாகுதுன்னு தெரிஞ்சா அதை எங்க தேடணும்னு தெரியும். உள்பக்கம் இருந்துதான் ஆரம்பிக்குது. ஒவ்வொரு தடவை பாட்டிலைக் கவுக்கறப்பவும் புதுசா ஆக்ஸிஜனும் புதுசா உப்பும் உள்ள போகுது. மூடின வட்டத்துல ஆக்ஸிஜன் ஒருமுறை தீர்ந்துட்டா அரிப்பு வேகம் குறையும்; நாம வாராவாரம் ரீஃபில் பண்ணிட்டு இருக்கோம். லீக்கைச் சமாளிக்க ஊத்தற தண்ணியே லீக்கை வளர்க்குது. அதோட ஹோஸ் வந்து பைப்ல மாட்டற இடத்துல, ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு இடுக்கு. அங்க தண்ணி தேங்கும், ஆக்ஸிஜன் குறைவா இருக்கும், அந்த இடம் ஆனோடா மாறி இரும்பு கரையும். டிஃபரன்ஷியல் ஏரேஷன்னு சொல்வாங்க. துரு இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் பிடிக்கும். அதனால பைப்போட வாய் ஊதிப்போய் மேடு பள்ளமாயிடும். அதுக்கு மேல எவ்வளவு கிளாம்ப் முறுக்கினாலும் கசியும். உதிர்ற துரு சும்மா இருக்காது, ரேடியேட்டரோட மெல்லிசான குழாய்கள்ல போய் அடையும், பம்ப் சீலைத் தேய்க்கும்.

கசிவைக் கண்டுபிடிக்கறதும் லேசு இல்ல. காலையில வண்டிக்கு அடியில ஒரு சொட்டு கூட இருக்காது. ஏன்னா சூடாகி அழுத்தம் ஏறினாத்தான் கசியும், கசிஞ்சது சூட்டுலயே ஆவியாயிடும். மிச்சம் இருக்கறது பைப் மேல வெள்ளையாவோ காவி நிறத்துலயோ ஒரு கோடு மட்டும். டார்ச் அடிச்சு அதைத் தேடுங்க.

"ஊசி முனை அளவு ஓட்டைக்கு இவ்வளவு பேச்சா?"ன்னு நினைக்கறவங்களுக்கு: அந்த ஓட்டை வழியா போறது தண்ணி மட்டும் இல்ல, அழுத்தமும்தான். ரேடியேட்டர் மூடியில ஒரு ஸ்பிரிங் இருக்கும், பொதுவா 0.9, 1.1 பார்னு மேல எழுதியிருக்கும். 0.9 பார் அழுத்தத்துல தண்ணி 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. குக்கர்ல நடக்கறதேதான். ஓட்டை விழுந்து அழுத்தம் நிக்கலன்னா 100 டிகிரியிலயே கொதி வந்துடும். மே மாசம், ஏசி போட்டுக்கிட்டு, டிராஃபிக்ல நிக்கறப்ப அந்த 18 டிகிரிதான் உங்களுக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கும் நடுவுல இருக்கு. அலுமினிய ஹெட் சூட்டுல வார்ப்பிரும்பை விட ரெண்டு மடங்கு விரியும். ஒரு தடவை நல்லா கொதிச்சா வளைஞ்சிடும். சில நூறு ரூபாய் பைப்புக்காக ஹெட்டைக் கழட்டி, லேத்ல லெவல் பண்ணி, கேஸ்கெட் மாத்திப் பல ஆயிரம் ரூபாய்.

டெம்பரேச்சர் முள்ளை நம்பி ஓட்டறவங்க ஒண்ணு கவனிங்க. தண்ணி ரொம்பக் குறைஞ்சுட்டா சென்சர் தண்ணிக்கு வெளிய, வெறும் ஆவியில தொங்கும். அப்போ முள் ஏறாது, இறங்கவும் செய்யலாம். சூடான வண்டியில முள் திடீர்னு கீழ போனா சந்தோஷப்படாதீங்க, ஓரம் கட்டுங்க. மூடியை மட்டும் உடனே திறக்கக் கூடாது. கை, முகம் வெந்துடும். அரை மணி நேரத்துக்கு மேலயே பொறுங்க, அதுக்கு அப்புறமும் ஈரத்துணி போட்டு மெதுவா.

இனி வைத்திய முறைகள். எம்-சீல் தடவறது. மஞ்சள் தூளை ரேடியேட்டர்ல போடறது. கேலி பண்ணல, லாரிக்காரங்க காலங்காலமா பண்றது, நடு ராத்திரி ஹைவேல நின்னா நானும் போடுவேன். அது வேலை செய்யும். ஓட்டையில போய் அடைச்சுக்கும். ரேடியேட்டரோட நல்ல குழாய்லயும் அதே மாதிரி அடைச்சுக்கும், எது ஓட்டை எது வழின்னு மஞ்சளுக்குத் தெரியாது. பத்த வைக்கறது இன்னொரு வழி. ஆனா உள்ள இருந்து மெலிஞ்சு காகிதம் மாதிரி ஆன பைப்ல ஒரு இடத்துல பத்த வெச்சா, பக்கத்துல அடுத்த ஓட்டை ரெடியா இருக்கும். எனக்கு எரிச்சல் வர்றது இதுக்கெல்லாம் இல்ல, அடுத்து சொல்றதுக்கு: தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போடறது, மூடியோட ஸ்பிரிங்கைக் கழட்டறது. "பிரஷர் இல்லன்னா லீக் ஆகாது சார்." உண்மைதான். இதயம் துடிக்கலன்னா ரத்தமும் வராது.

உடனே மெக்கானிக்கைத் திட்டக் கிளம்பாதீங்க. எங்க காலேஜ் பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு, புராஜெக்ட்டுக்காக ஒரு மாசம் அங்க போய் உட்கார்ந்திருந்தேன். அந்த அண்ணன் ஒவ்வொரு தடவையும் "பைப்பை மாத்திடுங்க சார்"னுதான் ஆரம்பிப்பார். பதில் எப்பவும் ஒரே வார்த்தை: "இப்போதைக்கு." இப்போதைக்கு ஓடற மாதிரி பண்ணுங்கண்ணே. இப்போதைக்கு ஒட்டிக் குடுங்க, தீபாவளி முடிஞ்சு பார்த்துக்கலாம். மாத்தறதுக்கு அரை நாள் ஆகும், பழைய போல்ட் உடைஞ்சா அந்தத் தலைவலியும் அவருக்குத்தான், கூலி கேட்டா பேரம். ஒட்டறதுக்கு இருபது நிமிஷம், பேரமும் இல்ல. அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? நீங்களும் நானும் அந்த இடத்துல இருந்தா எம்-சீல் பொட்டலத்தைத்தான் பிரிப்போம்.

இதுக்கு எதிரா ஒரு நல்ல வாதம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. "வண்டியோட விலையே போச்சு, இன்னும் ரெண்டு வருஷத்துல குடுத்துடுவோம், இதுக்கு மேல செலவு பண்றது முட்டாள்தனம்." வண்டியை நாளைக்கே குடுக்கறீங்கன்னா இது சரி, பைப்பை விடுங்க. ஆனா அப்படிச் சொல்றவங்க பெரும்பாலும் நாளைக்குக் குடுக்கறது இல்ல. 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்சி புதுப்பிக்கறாங்க. 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணம் 600-ல இருந்து 5000 ஆச்சு, அதையும் கட்டறாங்க. அதுக்காக டிங்கரிங், பெயின்ட், புது சீட் கவர். கண்ணுக்குத் தெரியற இடத்துல செலவு செலவா தெரியறது இல்ல. அந்த வண்டியிலதான் அப்பா காலையில சந்தைக்குப் போறார், பாட்டியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறார், வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பமே ஏறி கொடைக்கானல் மலைப்பாதையில செகண்ட் கியர்ல முக்கி முனகிப் போகுது. வண்டி மதிப்பு நாப்பதாயிரமா இருக்கலாம். உள்ள உட்கார்ந்திருக்கறவங்களை அந்தக் கணக்குல சேர்க்கலயே.

சரி, மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. எப்படின்னு பார்ப்போம்.

முதல் நாள் ராத்திரியே போல்ட்டுகள் மேல துரு இளக்கற ஸ்ப்ரே அடிச்சு விடச் சொல்லுங்க. அவசரப்பட்டு முறுக்கி ஒரு போல்ட் அலுமினியத்துக்குள்ள உடைஞ்சா, அதை டிரில் போட்டு எடுக்கற கூலி பைப் விலையைத் தாண்டிடும். கம்பெனி பைப் கிடைச்சா அதுதான் முதல் தேர்வு. கிடைக்கலன்னா லேத் கடையில 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல அதே வளைவுக்குச் செய்யலாம், ஆனா ஹோஸ் மாட்டற முனையில சின்னதா ஒரு மேடு கண்டிப்பா வேணும், இல்லன்னா அழுத்தத்துல ஹோஸ் உருவிக்கிட்டு வந்துடும். பிளம்பிங் கடை ஜிஐ பைப் வேண்டாம். அதோட துத்தநாகப் பூச்சு கூலன்ட்டோட ஒத்துப்போகாது, கரைஞ்சு சகதியா படியும்.

பைப் மட்டும் புதுசா போட்டுட்டு பழைய ஹோஸ், பழைய கிளாம்ப் மாட்டாதீங்க. ஓ-ரிங், தெர்மோஸ்டாட், மூடி எல்லாம் ஒரே கையோட மாத்திடுங்க. பிளாக்குல வட்டமா தகடு அடிச்சிருக்கும், கோர் பிளக். அதுவும் அதே தண்ணியில ஊறினதுதான், அதையும் பாருங்க. இதெல்லாம் முடிஞ்சு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் சிஸ்டத்தைக் கழுவணும். பாத்ரூம் ஆசிட் ஊத்திக் கழுவறேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க, அது துருவோட அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும்.

அப்புறம் கூலன்ட். கலந்தே வர்றது வாங்கினா அப்படியே ஊத்தலாம். கெட்டியா வர்றது வாங்கினா பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல கலக்கணும், குழாய்த் தண்ணியில கலந்தா மறுபடி முதல்ல இருந்து. வெறும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதுமான்னா, போதாது. உப்பு இருக்காது, ஆனா துருவைத் தடுக்க அதுல ஒண்ணும் கிடையாது. பச்சை, சிவப்புன்னு நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க. நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பால என்ன வகை, எத்தனை வருஷம்னு போட்டிருக்கும். பழைய பச்சை வகை பொதுவா ரெண்டு வருஷம், ஆர்கானிக் ஆசிட் வகை அஞ்சு வருஷம் வரைக்கும் தாங்கும். ஊத்தினதும் மூடி திறந்தே இருக்க, என்ஜினை ஓட விட்டு, காத்துக் குமிழ் எல்லாம் வெளிய போன அப்புறம் மூடணும்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் பண்ணின ஒரு வாரத்துல ரேடியேட்டர் கசிய ஆரம்பிக்கலாம். உடனே வீட்ல "அந்த பச்சைத் தண்ணிதான் வண்டியைக் கெடுத்துச்சு"ன்னு சொல்வாங்க, ஊர்ல பாதிப் பேர் கூலன்ட்டை வெறுக்கறதுக்குக் காரணமே இதுதான். நடந்தது வேற. ஓட்டையை இத்தனை நாள் அடைச்சிட்டு இருந்தது துருவும் உப்பும். கழுவினதும் அது போயிடுச்சு. ஓட்டை ஏற்கனவே இருந்ததுன்னு பொறுமையா சொல்லுங்க. நீங்க இன்ஜினியரிங் படிக்கறீங்கங்கறதுக்காக யாரும் நம்ப மாட்டாங்க, பரவாயில்ல, சொல்லிப் பாருங்க.

கடைசியா, வடிச்ச பழைய கூலன்ட்டைச் சாக்கடையில ஊத்தாதீங்க, தட்டுல திறந்தும் வைக்காதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனா விஷம். ஒர்க்‌ஷாப் வாசல்ல படுத்திருக்கற நாய் வந்து நக்கும், கொஞ்சம் உள்ள போனாலும் அதோட கிட்னி போயிடும். டிக்கியில இருந்து எடுத்த அந்த ரெண்டு லிட்டர் பாட்டில் இப்போ காலியாத்தானே இருக்கு, அதுல ஊத்தி இறுக்கி மூடி, மேல பெருசா "விஷம்"னு எழுதி, பழைய ஆயிலோட சேர்த்து ஒர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க.